பாலினமும் பாலியலும் படிக்க: தனிப் பட்டமா, பழைய துறையா?

இளங்கலை இறுதியாண்டு மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி: "மேடம், ஜெண்டர் ஸ்டடீஸ் படிக்கணும்னு ஆசை. எங்க சேரலாம்?" கேட்பவர்களில் பெண்கள்தான் அதிகம். ஆனால் திருநங்கை மாணவி, தன் பாலீர்ப்பை, அதாவது தனக்கு யார் மீது ஈர்ப்பு என்பதை, வீட்டில் இன்னும் சொல்லாத பையன், அக்காவுக்கு மாமியார் வீட்டில் நடந்ததைப் பார்த்துக் கொதித்துப்போன தம்பி என்று பலரும் வருகிறார்கள். எல்லாருக்கும் ஒரே பதில் பொருந்தாது. இருந்தாலும் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமூகவியல், சமூகப் பணி, சட்டம், தமிழ் இவற்றில் ஏதாவது ஒன்றில் கால் ஊன்றிக்கொண்டு அதற்குள் பாலினத்தைப் படிப்பதுதான் நம் ஊர் மாணவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நல்லது. தனிப் பட்டம் சிலருக்கு மிகச் சரியான தேர்வு. அந்தச் சிலர் யார் என்பதையும் சொல்கிறேன். நான் சமூகவியல் படித்து அதையே கற்பிப்பவள். அந்தச் சாய்வையும் கணக்கில் எடுத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் இந்தப் படிப்பு இந்தியாவில் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய பாடத்திட்டங்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது அதில்தான் புரியும். இந்தியப் பெண்களின் நிலை குறித்து ஆராய்ந்த அரசுக் குழு 1974-இல் அறிக்கை கொடுத்தது. சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் பெண்களின் நிலை பல விஷயங்களில் பின்னுக்குப் போயிருக்கிறது என்று அது காட்டியது. அதே ஆண்டில் மும்பை எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் இதற்கான ஆய்வுப் பிரிவு தொடங்கியது. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு பல்கலைக்கழக மானியக் குழு பணம் கொடுத்து, நாடு முழுக்க மகளிரியல் மையங்கள் முளைத்தன. தமிழ்நாடு அதற்கு முன்பே, 1984-இல், கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியிருந்தது.

இந்த மையங்கள் வளர்ந்த காலத்தில் நம் மாநிலத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1989-இல் தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. தொண்ணூறுகளின் இறுதியில் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவின. குழுக்களுக்குப் பயிற்சி, கிராமங்களில் சட்ட விழிப்புணர்வு, பெண் சிசுக்கொலை பற்றிய ஆய்வு என்று பெண்களின் முன்னேற்றத்தையே நம் மகளிரியல் துறைகள் கையில் எடுத்தன. அது அவற்றின் பெரிய பலம். பாலியல் பற்றிய பாடம் அங்கே மெலிந்திருப்பதற்கும் அதுவே காரணம். பாலீர்ப்பு, திருநர் உரிமை போன்றவை நம் ஊரில் வகுப்பறையிலிருந்து கிளம்பவில்லை. தெருவிலிருந்தும் நீதிமன்றத்திலிருந்தும்தான் வந்தன. 2008-இல் திருநங்கையர் நல வாரியம், 2014-இல் திருநரை மூன்றாம் பாலினமாக உச்ச நீதிமன்றம் ஏற்ற நால்சா தீர்ப்பு, 2018-இல் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவின் மீதான தீர்ப்பு, 2019-இல் இடைப்பாலினக் குழந்தைகளுக்குத் தேவையற்ற அறுவை சிகிச்சை செய்யத் தமிழ்நாட்டில் தடை. பல்கலைக்கழகங்கள் இதன் பின்னால் மெல்ல நடந்து வருகின்றன.

ஆகவே, "ஜெண்டர் படிக்கணும்" என்று வருபவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் கேள்வி பெண்களின் உழைப்பு, கல்வி, வன்முறை, சொத்துரிமை பற்றியதா? அல்லது பாலீர்ப்பு, பால் அடையாளம், உடல் பற்றியதா? முதலாவது என்றால் தமிழ்நாட்டுக்குள்ளேயே நல்ல இடங்கள் உண்டு. இரண்டாவது என்றால் இன்னும் கொஞ்சம் தேட வேண்டும்.

ஒரே வழக்கு, நான்கு வகுப்பறைகள்

துறைகளுக்கு இடையிலான வேறுபாட்டைப் பொதுவாகச் சொன்னால் எதுவும் பிடிபடாது. எல்லாத் துறைகளும் "சமூக நீதி", "விமர்சனப் பார்வை" என்றுதான் விளம்பரம் செய்கின்றன. எனவே ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு. ஒருவரையொருவர் காதலித்த இரண்டு இளம்பெண்கள் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிடுகிறார்கள். மகள்களைக் காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுக்க, காவல்துறை தேடி வருகிறது. பெண்கள் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். இந்த விஷயத்தில் தனக்கே போதிய தெளிவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகுதான் நீதிபதி அந்த உத்தரவை எழுதினார். ஒரு நீதிபதி மாணவராக மாறியதற்கு இதைவிடத் துணிச்சலான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இதைச் சட்டம் படிப்பவர் எப்படி அணுகுவார்? இருவரும் வயது வந்தவர்கள், விரும்பிச் சேர்ந்து இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் காவல்துறை காணாமல் போனவர் புகாரை முடித்துவிட வேண்டும் என்ற வழிகாட்டுதலைப் பிடித்துக்கொள்வார். அடுத்த வழக்கில் அதை எப்படிப் பயன்படுத்துவது, எந்தக் காவல் நிலையம் அதை மீறுகிறது என்று பார்ப்பார். சமூகப் பணி மாணவருக்கு வேறு கவலை. வந்து இறங்கிய இரவில் அந்தப் பெண்கள் எங்கே தங்கினார்கள், கையில் எவ்வளவு பணம் இருந்தது, பெற்றோரிடம் யார் பேசுவது, அரசு காப்பகங்களில் இப்படிப்பட்ட இருவரை எப்படி நடத்துவார்கள்? பாலீர்ப்பை "மாற்றும்" சிகிச்சைக்கு உத்தரவு தடை போட்டதே, அதைத் தன் மாவட்ட மருத்துவமனையில் எப்படி நடைமுறைக்குக் கொண்டுவருவது?

சமூகவியல் மாணவருக்குக் குடும்பமே கேள்வி ஆகிறது. சாதிக்குள் திருமணத்தைக் காப்பாற்ற மகளின் நடமாட்டத்தைக் கண்காணிக்கும் குடும்பம், அவள் ஒரு பையனோடு போனால் என்ன செய்கிறது, ஒரு பெண்ணோடு போனால் என்ன செய்கிறது? இரண்டுக்கும் ஒரே "காணவில்லை" புகார் எப்படிப் போதுமானதாக இருக்கிறது? எத்தனை குடும்பங்களில், எந்தச் சாதிகளில், எந்த வருமானத்தில் என்று தரவு தேடிப் போவார். பாலினக் கல்வியைத் தனிப் பாடமாகப் படிப்பவர் இந்த மூன்றையும் தொட்டுவிட்டு இன்னும் அடியில் போவார். ஆண், பெண் என்ற பிரிவும், இயல்பான ஆசை எது, இயல்பு அல்லாதது எது என்ற பிரிவும் எப்போது, யாரால் போடப்பட்டன? குடும்பம் என்று அரசு ஒப்புக்கொள்வதற்குள் யார் வரலாம், யார் வரக் கூடாது?

நான்கும் வேண்டும். நான்காவதுதான் மற்ற மூன்றையும் கூர்மையாக்குகிறது என்பதையும் நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேறெந்தத் துறையின் வேலைமுறையையும் முறையாகக் கற்காமல் நான்காவதிலேயே தொடங்கும் இருபத்தொரு வயது மாணவருக்கு ஒரு சிக்கல் வருகிறது. எதையும் கேள்வி கேட்கத் தெரியும். பதில் தேடும் வழி தெரியாது.

திருப்பூர் பனியன் கம்பெனிப் பெண்கள் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத வரும் மாணவர்கள் முதலில் தயாரிக்கும் கேள்வித்தாளில் "வீட்டு வேலைகளை யார் செய்கிறார்கள்?" என்று இருக்கும். "எல்லாரும் சேந்துதாங்க செய்வோம்" என்று பதில் வரும். அதோடு ஆய்வு படுத்துவிடும். அதையே "நேத்து காலைல எழுந்ததுல இருந்து சொல்லுங்க. எத்தனை மணிக்கு எழுந்தீங்க? தண்ணி யார் பிடிச்சது? அந்த நேரத்துல உங்க வீட்டுக்காரர் என்ன பண்ணிட்டு இருந்தார்?" என்று கேட்டால் கதை மாறிவிடும். நாலரை மணிக்குத் தொடங்கும் நாள் இரவு பதினொன்று வரை நீளும். 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இப்படித்தான் நாளைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கேட்டது. அதன்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் சம்பளமில்லாமல் அதில் செலவிட்டார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். அதுவும், வீட்டு வேலையில் கை வைத்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான். இந்த 97 அந்த 26 பேரின் சராசரி, எல்லா ஆண்களின் சராசரி அல்ல என்பதைப் பிடிக்கத் தெரிய வேண்டும். அந்தப் பயிற்சி சமூகவியலிலும் பொருளாதாரத்திலும் கட்டாயப் பாடம். பல மகளிரியல் துறைகளிலும் ஆய்வுமுறைப் பாடம் இருக்கிறது. எவ்வளவு ஆழம் என்பது கற்பிப்பவரைப் பொறுத்தது.

தமிழ்நாட்டுக்குள்

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம், கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் மகளிரியலுக்குத் தனித் துறை உண்டு. கட்டணம் குறைவு. தமிழ் வழியில் படித்து வந்த பெண் முதல் பருவத்திலேயே மூச்சு முட்டி நிற்க மாட்டாள். ஆசிரியர்கள் தமிழில் விளக்குவார்கள், களப்பணி தமிழில் நடக்கும். அந்தக் களப்பணிதான் இங்கே உண்மையான செல்வம். குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து பழகியவருக்கும் புத்தகத்தில் மட்டும் படித்தவருக்கும் உள்ள வித்தியாசம் பேசிய ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

குறை என்று பார்த்தால் இரண்டு. முதலாவது, பாலியல் பற்றிய பாடம். சேருவதற்கு முன் பாடத்திட்டத்தை இறக்கிப் படியுங்கள். தாளின் பெயரைப் பார்க்காதீர்கள், அலகுகளைப் பாருங்கள். பால்புதுமையர் (குயர்), திருநர் பற்றி ஏதாவது அலகில் கடைசி வரியாக ஒரே ஒரு சொல் மட்டும் வந்தால், பருவத்தின் கடைசி வாரத்தில் ஒரு மணி நேரம் ஓடும், அவ்வளவுதான். தனி அலகாகவோ விருப்பத் தாளாகவோ இருந்து, வாசிப்புப் பட்டியலில் இந்திய எழுத்துகளும் திருநங்கைகள் தாங்களே எழுதியவையும் இருந்தால், அங்கே யாரோ ஒருவர் அதைப் பொறுப்போடு நடத்துகிறார் என்று அர்த்தம். இரண்டாவது குறை வேலை. பெரும்பாலான கலை அறிவியல் கல்லூரிகளில் மகளிரியல் என்ற துறையே கிடையாது. உதவிப் பேராசிரியர் காலியிடமும் அதனால் அபூர்வம்.

சமூகப் பணி முதுகலைக்கு இந்தத் தொல்லை குறைவு. வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள், குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள், தொண்டு நிறுவனங்கள் எல்லாம் பெரும்பாலும் சமூகப் பணி, சட்டம், உளவியல், சமூகவியல் என்றுதான் விளம்பரம் கொடுக்கின்றன. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொல்லைப் புகார்களுக்கு உள்ளகக் குழு அமைத்து, வெளியிலிருந்து ஓர் உறுப்பினரையும் வைத்துக்கொள்ள வேண்டும். சட்டமும் பாலினமும் சேர்ந்து தெரிந்தவருக்கு அங்கே இடமிருக்கிறது. மூன்றாண்டு சட்டப் படிப்பைப் பலர் யோசிப்பதே இல்லை. திருநர் உரிமை, குடும்ப வன்முறை, சாதி மறுப்புத் திருமணம் ஆகியவற்றில் வேலை செய்ய ஆசைப்படுபவருக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன்.

தமிழ் முதுகலை என்றால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்க வேண்டாம். அகத்திணை முழுக்க ஆசையும் கற்பும் பிரிவும்தான். அதைப் பாலினக் கண்ணோடு படித்து முனைவர் பட்டம் வரை போக இன்னும் ஏராளமாக இடம் கிடக்கிறது. வேலைவாய்ப்பிலும் மற்றக் கலைப் பாடங்களுக்குத் தமிழ் சளைத்ததல்ல.

வெளி மாநிலம்

பாலியல்தான் உங்கள் கேள்வி, ஆய்வுதான் உங்கள் பாதை, ஆங்கிலத்தில் வாரம் நூறு பக்கம் படிக்கத் தயார். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் தனிப் பட்டத்துக்கே போங்கள், வெளியே போங்கள். முதலில் பார்க்க வேண்டியது ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம். பாலினக் கல்வியில் முதுகலை இருக்கிறது, மத்தியப் பல்கலைக்கழகக் கட்டணம், நம் ஊரிலிருந்து ஓர் இரவு ரயில். சாதியையும் பாலினத்தையும் பிரிக்காமல் பேசும் சூழல் அந்த வளாகத்தில் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து போகும் மாணவருக்கு அது அந்நியமாகத் தெரியாது.

மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் மகளிரியல் மையம் பழையது, மதிப்புள்ளது. செலவு அதிகம், மும்பையில் வாழும் செலவு அதற்கு மேல். 2024 ஜூனில் அங்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று அறிவிப்பு வந்து, எதிர்ப்புக்குப் பிறகு ஓரிரு நாளில் திரும்பப் பெறப்பட்டது. திட்ட நிதியில் ஓடும் மையங்களுக்கு நாடு முழுக்க இந்த ஆபத்து இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று கேட்டே ஆக வேண்டும்.

டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகத்தின் பாலினக் கல்விப் பட்டம் பாடத்திட்டத்தில் மிக நன்றாக இருக்கும். ஆனால் 85 விழுக்காடு இடங்கள் டெல்லி மாணவர்களுக்கு. மிச்சத்தில்தான் நாம் போட்டி போட வேண்டும்.

இன்னொன்று, இது நம் பிள்ளைகள் பலரைக் கவிழ்த்துவிடுகிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் க்யூட் முதுகலை நுழைவுத் தேர்வு வழியாகத்தான் சேர்க்கை. தேர்வு மார்ச்சில் நடக்கிறது, விண்ணப்பம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. இங்கே நாம் மே மாதத்தில் முடிவு வந்த பிறகுதான் எங்கே சேரலாம் என்று யோசிக்கத் தொடங்குகிறோம். இறுதியாண்டு டிசம்பரிலேயே யோசியுங்கள்.

இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பற்றிச் சுருக்கமாக: பெண் மற்றும் பாலினக் கல்வியில் முதுகலை தொலைநிலையில் கிடைக்கிறது, சென்னையிலும் மதுரையிலும் மண்டல மையங்கள் உண்டு. திருநர் மாணவர்களுக்கு 2017 முதல் கட்டண விலக்கு. பாடப்புத்தகங்கள் தரமானவை. ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஆசிரியை, செவிலியர், வழக்கறிஞர் ஆகியோருக்கு இதுதான் சிறந்த வழி. இருபத்தொரு வயதில் தனியாக அறையில் உட்கார்ந்து இதைப் படிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்தப் பாடம் வாக்குவாதத்தில்தான் உள்ளே இறங்கும்.

வெளிநாடு கனவில் இருப்பவர்கள் உதவித்தொகையின் விதிகளை முதலில் பார்க்க வேண்டும். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டாண்டு வேலை அனுபவம் தேவை. ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் ஜெம்மா என்ற ஈராண்டுப் பாலினக் கல்வி முதுகலையை ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகையோடு படிக்கலாம். மாதம் 1,400 யூரோ, கட்டணம் இல்லை, போட்டி கடுமை. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் 2022-இல் கொண்டுவந்த மாற்றத்தை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறவில்லை. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்குப் பணம் இல்லை என்றுவிட்டார்கள். தலித் பெண்களின் வாழ்க்கையை ஆராயப் போகும் தலித் மாணவிக்குத்தான் அந்தக் கதவு முதலில் மூடுகிறது. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் தனியாக இருக்கிறது. உங்கள் பாடம் அதில் வருமா என்று மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேளுங்கள். போகும் நாட்டின் அரசியலையும் பார்க்க வேண்டும். ஹங்கேரி 2018-இல் பாலினக் கல்வி முதுகலையின் அங்கீகாரத்தையே எடுத்துவிட்டது.

தேர்வு, பணம், வீடு

ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு, உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான நெட் தேர்வில் மகளிரியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். வயது வரம்பு 30. பெண்களுக்கும் மூன்றாம் பாலினத்தவருக்கும் பட்டியல், பிற்படுத்தப்பட்ட பிரிவினருக்கும் ஐந்தாண்டு தளர்வு உண்டு. மொழிப் பாடங்கள் தவிர மற்ற வினாத்தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ் வழி மாணவர்களுக்கு இது அநியாயம். அது மாறும்வரை, முதுகலை சேரும் நாளிலிருந்தே ஆங்கில வாசிப்பைப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

திருநர் மாணவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. உயர்கல்வி படிக்கும் திருநங்கை, திருநம்பி மாணவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும் என்று தமிழ்நாடு அரசு 2024 பட்ஜெட்டில் அறிவித்தது. சேருவதற்கு முன்பே நல வாரியத்தில் பேசி, அடையாள அட்டையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கட்டணத்தை அரசு ஏற்றாலும், எந்த விடுதியில் அறை கொடுப்பார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அதை நேரில் போய்க் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வீட்டில் சொல்வது எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. "பெண்கள் முன்னேற்றம் பத்தின படிப்பும்மா" என்றால் பெரும்பாலான அம்மாக்கள் சரி என்பார்கள். தன்னைப் பற்றி இன்னும் வீட்டில் சொல்லாத மாணவருக்குப் பட்டத்தின் பெயரே காட்டிக்கொடுத்துவிடும். படிப்புச் செலவுக்கு வீட்டை நம்பியிருக்கும் வரை, சமூகவியல் என்றோ சமூகப் பணி என்றோ பெயருள்ள பட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பானது. இதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. சொந்தக் காலில் நிற்பதற்கு முன் தன்னை வெளிப்படுத்தியே தீர வேண்டும் என்று எந்தப் பாடமும் கேட்கக் கூடாது.

கடைசியாக, துறைக்கு போன் போடும்போது கேட்க வேண்டியவை. நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? கடந்த இரண்டு ஆண்டுகளில் மாணவர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரைத் தலைப்புகளை அனுப்ப முடியுமா? களப்பணி எத்தனை வாரம், எங்கே? போன ஆண்டு முடித்த இரண்டு பேரின் எண்ணை அவர்கள் சம்மதத்தோடு தர முடியுமா? நல்ல துறை இவற்றுக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்லும். முடித்தவர்களிடம் பேசும்போது வேலையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். வகுப்பில் ஒரு மாணவர் மாற்றுக் கருத்து சொன்னால் ஆசிரியர் என்ன செய்வார் என்றும் கேளுங்கள்.